கடைசி இலக்கத்தை முன்னால் வைத்தால்

எங்கள் தோட்டத்துக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு வாளிகள் வந்து இறங்கிய காலையில் நான் படுக்கையில் கிடந்தேன். லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது. பிறகு தகரத்தோடு தகரம் மோதும் சத்தம். அது ஓயவே இல்லை. லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். சன்னலுக்கு வெளியே யாரோ ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். எழுந்து போய்ப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை.

மலாய் நாட்டில், செமோரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் அது. என் கணவர் அங்கே ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு பார்ப்பவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டிருந்தன. மூன்றாவது தங்கியபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் வந்து பார்த்தார். "படுத்தே கிடக்கணும்மா. தண்ணிக் குடம் தொடக்கூடாது. குனியக்கூடாது. பிள்ளை கைக்கு வர்ற வரைக்கும் படுக்கைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவரின் அக்கா, கைம்பெண், வெளியூரிலிருந்து வந்து வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நான் பலகைச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தேன்.

படுத்துக் கிடப்பது ஓய்வு என்று நினைப்பவர்கள் கிடந்து பார்த்ததில்லை. வயிற்றில் ஒரு சின்ன அசைவு வந்தால் பயம். அசைவு வராவிட்டால் அதைவிடப் பயம். மழை கூரைத் தகரத்தில் விழும்போது மட்டும் மனம் கொஞ்சம் அடங்கும்.

மத்தியானம் சாப்பிட வந்த என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் கேட்டது நூத்தி இருவத்தஞ்சு வாளி. வந்தது ஐந்நூத்திப் பன்னெண்டு. ஈப்போ கடைக்காரன் என்னா பண்ணிருக்கான் தெரியுமா? நூத்தி இருவத்தஞ்சுல கடைசியில இருக்கற அஞ்சைத் தூக்கி முன்னால போட்டுட்டான்லா. துரை என்னையப் பார்த்து, வானத்துல இருந்து ரப்பர் பால் கொட்டப் போகுதான்னு கேக்குறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் பயமாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் சும்மா ஒரு கேள்வி வாயில் வந்தது.

"நாலு மடங்கா ஆயிருச்சாங்க?"

"நாலு மடங்குன்னா ஐந்நூறு. அதுக்கும் மேல பன்னெண்டு இருக்கு."

"சரியா ரெண்டு மடங்கா ஆகுற மாதிரி ஒரு நம்பர் இருக்குமா? கடைசியில இருக்கறதத் தூக்கி முன்னால வச்சா, அப்படியே ரெண்டு மடங்கு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "பன்னெண்டு இருபத்தொண்ணா ஆகும். ரெண்டு மடங்குன்னா இருவத்து நாலு. இல்ல. இருவத்தஞ்சு ஐம்பத்திரண்டு. ஐம்பதுதான வேணும். இதுவும் இல்ல." கை கழுவும்வரை எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது, "அப்படி ஒண்ணு இருக்காதுலா. இருந்தா யாராச்சும் சொல்லிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு வாளிகளைத் திருப்பி அனுப்பப் போய்விட்டார்.

நான் தைப்பிங்கில் மிஷன் பெண்கள் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். கணக்கு எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. தவறில்லாமல் செய்வேன், அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலம் வரை எனக்கு வேறு வேலை இல்லை. இரண்டு இலக்க எண்கள் எல்லாவற்றையும் மனத்துக்குள் புரட்டினேன். ஒன்றும் அகப்படவில்லை. மூன்று இலக்கத்துக்குப் போனேன். அதிலும் இல்லை. ஒவ்வொன்றாகத் தேடுவது தண்ணீரில் கைவிட்டு மீன் தேடுவது போல இருந்தது.

மறுநாள் காலையில் வேறு மாதிரி யோசித்தேன். எண்ணை முழுதாகத் தேடாமல், அதன் கடைசி இலக்கம் இரண்டு என்று மட்டும் வைத்துக்கொண்டால் என்ன?

அக்காவிடம் சாக்கட்டி கேட்டேன். கோலத்துக்கு வைத்திருந்த ஒரு துண்டைக் கொடுத்தார். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, பலகைச் சுவரில் என் கால் பக்கமாக, எட்டும் தூரத்தில், 2 என்று எழுதினேன்.

இந்த 2 முன்னால் போய்விடும். மற்ற இலக்கங்கள் எல்லாம் ஓரிடம் வலப்பக்கம் நகரும். அப்படியானால் புதிய எண்ணின் கடைசி இலக்கம், பழைய எண்ணில் கடைசிக்கு முந்தி இருந்ததுதான். புதிய எண் பழையதைப் போல் இரண்டு மடங்கு. இரண்டை இரட்டித்தால் 4. ஆக 2-க்கு முன்னால் 4 நின்றாக வேண்டும். வேறு வழியே இல்லை. 4-ஐ 2-க்கு இடப்பக்கம் எழுதினேன். நாலை இரட்டித்தால் 8. அதற்கு முன்னால் 8. எட்டை இரட்டித்தால் பதினாறு. 6 போட்டுக் கையில் ஒன்று. ஆறை இரட்டித்தால் பன்னிரண்டு, கையில் இருந்த ஒன்றோடு பதின்மூன்று. 3 போட்டுக் கையில் ஒன்று.

அங்கே எனக்கு மேல் சிலிர்த்தது. நான் தேடவே இல்லை. ஒவ்வொரு இலக்கமும் தனக்கு முன்னால் யார் நிற்க வேண்டும் என்று தானே சொல்லிக்கொண்டிருந்தது. அது சொன்னதை நான் எழுதினேன். இடப்பக்கமாக, தலையணையை நோக்கி, எண் வளர்ந்துகொண்டே வந்தது. 7. 4. 9. 8. 7. 5. 1. 3. 6.

எப்போது முடியும் என்பதும் தெரிந்தது. இரட்டிக்கும்போது மறுபடி 2 வரவேண்டும். கையில் எதுவும் மீதி இருக்கக்கூடாது. அந்த 2-தான் முன்னால் தூக்கி வைக்கப்போகும் 2. ஆனால் அப்படி ஒரு இடம் வருமா, வராமலே சுவரைத் தாண்டிப் போய்விடுமா என்பது யாருக்குத் தெரியும்?

ஆறை இரட்டித்தேன். பன்னிரண்டு. 2 வந்துவிட்டது! "அக்கா!" என்று கத்திவிட்டேன். அக்கா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.

"வலிக்குதா? ஏ புள்ள, வலிக்குதா?"

"வலி இல்லக்கா. நம்பர் முடிஞ்சிருச்சு."

அக்கா மார்பில் கை வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நம்பரா? அடிப் பாவி மக்கா, எனக்கு உசிரே போயிருச்சு."

அவர் திட்டிக்கொண்டிருக்கும்போதே நான் மறுபடி சுவரைப் பார்த்தேன். முடியவில்லை. பன்னிரண்டில் 2 போட்டால் கையில் ஒன்று நிற்கிறது. இது நான் தேடிய 2 இல்லை. இரண்டை இரட்டித்து அந்த ஒன்றையும் சேர்த்தால் ஐந்து. 5 எழுதினேன். ஐந்தை இரட்டித்தால் பத்து. 0.

சுழியைப் பார்த்ததும் மனம் சோர்ந்தது. சுழியை எத்தனை முறை இரட்டித்தாலும் சுழிதானே, எல்லாம் இங்கே செத்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் பத்தில் வந்த ஒன்று என் கையில் இருப்பது ஞாபகம் வந்தது. சுழியோடு அந்த ஒன்றைச் சேர்த்தேன். 1. கையில் ஒன்றும் இல்லை. ஒன்றை இரட்டித்தால் 2. கையில் ஒன்றும் இல்லை.

இந்த முறை நான் கத்தவில்லை. சாக்கட்டியைக் கீழே போட்டுவிட்டுப் படுத்தபடி பார்த்தேன். சன்னல் சட்டத்திலிருந்து கால்மாடு வரை ஒரே வரிசையில் நின்றது:

105263157894736842

என் கணவர் வந்ததும் சுவரைக் காட்டினேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "ரெண்டால பெருக்கிப் பாருங்க" என்றேன். அவர் கிராணி. எண்களை நம்பாமல் சரிபார்ப்பதே அவர் தொழில். ஒரு காகிதத்தில் பார்த்து எழுதி, பெருக்கினார். உதடு அசைந்தது. விடையை முழுதாக எழுதிவிட்டுச் சுவரையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

210526315789473684. கடைசியில் இருந்த 2 முன்னால் போயிருந்தது. மற்றவை வரிசை மாறாமல் ஓரிடம் நகர்ந்திருந்தன.

"இது எங்க இருந்து எடுத்த?" என்றார்.

"எடுக்கலங்க. அதுவா வந்துச்சு."

அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து இன்னொரு கணக்குப் போட்டார். முடித்ததும் மெதுவாகச் சொன்னார்: "ஒரு வினாடிக்கு ஒரு நம்பர்னு, ஒண்ணுல இருந்து எண்ணிக்கிட்டே வந்தா இதுகிட்ட வந்து சேர முந்நூறு கோடி வருஷத்துக்கு மேல ஆகும். தூங்காம எண்ணினாக்கூட."

"நடுவுல வேற ஏதாச்சும் இருக்குமா? இதைவிடச் சின்னதா?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்குச் சில நாட்கள் பிடித்தன. கடைசி இலக்கம் மூன்றாக இருந்தால்? ஏழாக இருந்தால்? ஒவ்வொன்றாகத் தொடங்கிப் பார்த்தேன். எதில் தொடங்கினாலும் இரட்டித்துக்கொண்டே போனால் அதே பதினெட்டு இலக்கங்கள், அதே வரிசையில் வந்தன. புகும் வாசல் மட்டும் வேறு. ஒன்றில் முடியும்படி வைத்தால் எண் சுழியில் தொடங்கியது. அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. மற்றவை எல்லாம் சுவரில் இருந்ததைவிடப் பெரியவை. ஆக ஒன்றிலிருந்து இதுவரை இருக்கும் ஆயிரம் கோடிக் கோடிக்கும் மேற்பட்ட எண்களில், நான் கேட்டதைச் செய்யக்கூடியது ஒன்றுகூட இல்லை. இதுதான் முதலாவது. இத்தனை தூரத்துக்கு அப்பால், யாரும் எண்ணி வந்து சேர முடியாத இடத்தில், அது தன் பாட்டுக்கு இருந்திருக்கிறது. நானோ கட்டிலை விட்டு இறங்காமல் அங்கே போய்விட்டேன்.

இதை நினைக்கும்போது பயம் போன்ற ஒன்று வந்தது. ஆனால் அது வயிற்றைப் பற்றிய பயம் மாதிரி இல்லை. கோயிலில் திரை விலகும்போது வருவது மாதிரி.

அந்த வாளிகளில் காது கோணிப்போன ஒன்றைக் கடைக்காரன் திரும்ப வாங்க மறுத்துவிட்டான். அது எங்கள் வீட்டுக்கு வந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த முக்காலியாகிவிட்டது. ஒரே வரிசையாக எழுதிய எண்ணுக்குத் தொடக்கமும் முடிவும் இருக்கிறதே என்று எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. உண்மையில் அதற்கு இரண்டும் இல்லை. ஒருநாள் அக்காவைக் கொண்டு வாளியை நிமிர்த்தி, அதன் வாயைச் சுற்றிச் சாக்கட்டியால் எழுதினேன். முதல் தடவை இடம் போதவில்லை. துடைத்துவிட்டு, அளந்து, சம இடைவெளியில் மறுபடி எழுதினேன். பதினெட்டு இலக்கங்களும் ஒரு வளையமாக உட்கார்ந்தன.

அதற்குப் பிறகு அந்த எண் என்னை விடவில்லை. மூன்றால் பெருக்கினேன். வளையத்தில் 3-லிருந்து வாசித்தால் விடை. நான்கால் பெருக்கினால் ஒரு 4-லிருந்து. ஐந்தால் பெருக்கினால் ஒரு 5-லிருந்து. ஒன்பது வரை போனேன். ஒவ்வொரு முறையும் அதே வளையம், தொடங்கும் இடம் மட்டும் வேறு. சுழியும் ஒன்பதும் ஒரேயொரு முறை இருந்தன. மற்ற எண்கள் எல்லாம் இரண்டிரண்டு முறை.

ஒரு மத்தியானம் அக்கா வாளியைக் கைப்பிடியில் தூக்கி நகர்த்தினார். கைப்பிடியின் ஒரு காதுக்குக் கீழே சுழி இருந்தது. எதிர்க் காதுக்குக் கீழே ஒன்பது. ஒரேயொரு முறை வரும் இரண்டும் நேர் எதிரெதிராக இருக்கின்றனவே என்று நினைத்தேன். அதற்குப் பக்கத்தில் பார்த்தேன். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் நாலு. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஏழு.

"அக்கா, வாளியைச் சுத்துங்க. எந்த நம்பர் மேலயாச்சும் விரல் வைங்க. என்னான்னு சொல்லுங்க."

அக்காவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். "ஆறு" என்றார்.

"அதுக்கு நேரா எதிர்ல மூணு இருக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். "இருக்கு." வேறிடத்தில் விரல் வைத்தார். "எட்டு."

"எதிர்ல ஒண்ணு."

அக்கா வாளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கே விரல் வைத்தாலும் எதிரெதிர் இரண்டும் சேர்ந்து ஒன்பது. கண்ணை விரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "யாரு புள்ள இதை இப்படி அடுக்கி வச்சது?"

"யாரும் அடுக்கலக்கா. நான் ரெண்டாலதான் பெருக்கிக்கிட்டே வந்தேன்."

"அப்ப இது சாமி நம்பர்."

மறுநாள் நான் தூங்கி எழுந்தபோது வாளியின் சுழிக்கு மேலே திருநீறும் சந்தனமும் இருந்தன. பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்த பெண்கள் சாயங்காலத்தில் இரண்டு மூன்று பேராக வந்து வாளியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். விரல் வைப்பார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டு எதிர் எண்ணைச் சொல்வேன். "பொம்பளப் புள்ளையா ஆம்பளப் புள்ளையான்னு இது சொல்லுமா அக்கா?" என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள். "அதெல்லாம் சொல்லாது" என்றேன். "அப்ப வேற என்னாதான் சொல்லும்?" என்றாள். அது எதையும் சொல்வதற்காக இல்லை என்று அவளுக்கு எப்படி விளக்குவது? என் கணவர் முதலில் திருநீற்றைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் வந்தார்.

மழை வலுத்திருந்த ஒரு முற்பகலில் வலி வந்தது. இன்னும் மாதம் நிறையவில்லை. அக்கா ஒரு பெண்ணை ஸ்டோருக்கு ஓடவிட்டார். டிரெஸர் வந்து பார்த்து, "இங்க வச்சுக்க முடியாது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். பால் ஏற்றும் லாரியில் மெத்தையைப் போட்டு என்னைக் கிடத்தினார்கள். மேலே கித்தான். ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் என் கணவர். செம்மண் பாதை குழம்பாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் லாரி இறங்கி ஏறும்போது, இந்தப் பிள்ளையும் போய்விட்டது என்று நினைத்தேன்.

"ஏதாச்சும் பேசுங்க" என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் கித்தானைப் பிடித்துக்கொண்டே, "ரெண்டு" என்றார்.

"நாலு" என்றேன்.

"எட்டு."

"ஆறு. கையில ஒண்ணு."

"மூணு. கையில ஒண்ணு."

அப்படியே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தோம். வலி வரும்போது நான் நிறுத்துவேன். அவர் என் முறைக்காகக் காத்திருப்பார். வலி விட்டதும் விட்ட இடத்தைச் சரியாகப் பிடிப்பேன். வளையம் முடிந்தால் மறுபடி தொடங்கினோம். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. கித்தானுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகள் மழையில் கறுத்து நின்றன. அந்தக் குன்றுகளைவிட எங்கள் எண்ணுக்கு வயது அதிகம் என்று ஒரு நினைப்பு வந்தது. குன்றுகள் முளைப்பதற்கு முன்பும் நாலுக்கு முன்னால் எட்டுதான் நின்றிருக்கும். என் வலியால் அதில் ஒரு இலக்கம்கூட மாறாது. அதில் எனக்கு ஏனோ ஆறுதல் இருந்தது. என்னைக் கவனிக்காத ஒன்று அவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று நான் எண்ணியதில்லை.

ஈப்போ ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வலி அடங்கியது. பிள்ளை உள்ளேயே இருந்தது. "மாசம் முடியறவரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்று டாக்டர் சொன்னார். அக்கா என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டார். என் கணவர் தோட்டத்துக்குத் திரும்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்.

அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரைத் தேடிப் போயிருக்கிறார். எண்ணை எழுதிக் காட்டியிருக்கிறார்.

"பார்த்த உடனே நாற்காலியில இருந்து எழுந்துட்டாரு" என்றவர், வாத்தியார் பேசுவது போலவே பேசிக் காட்டினார். "'உம்மட மனிசியோ இதைத் தானாக் கண்டுபிடிச்சவ?' அப்படின்னு ரெண்டு தடவை கேட்டாரு. நான் ஆமான்னேன்."

"அப்புறம்?"

அவர் தயங்கினார். "இது முன்னாடியே தெரிஞ்ச நம்பராம். வெளிநாட்டுல எல்லாம் புஸ்தகத்துல இருக்காம்."

மனசில் ஏதோ ஒன்று பொத்தென்று விழுந்தது. சுவரில் என் கை எழுதியது, வாளியில் அக்கா சந்தனம் வைத்தது. அது யாரோ ஒருவரின் புத்தகத்தில் எப்போதோ இருந்திருக்கிறது. என் கணவர் அவசரமாகச் சொன்னார்: "இன்னொண்ணும் சொன்னாரு. 'ரெண்டைப் பத்தொன்பதால வகுத்துப் பாக்கச் சொல்லும், அவவுக்கு விளங்கும்' அப்படின்னாரு. அதுக்கு மேல சொல்லமாட்டேன்னுட்டாரு. நீயே பார்க்கணுமாம்."

பத்தொன்பதா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தாதியிடம் பென்சில் கேட்டேன். கிழித்துப் போட்ட நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வகுக்கத் தொடங்கினேன். இரண்டில் பத்தொன்பது போகாது. புள்ளி வைத்து, சுழி சேர்த்து இருபது. ஒரு தடவை போகும். 1. மிச்சம் ஒன்று. சுழி சேர்த்துப் பத்து. போகாது. 0. நூறு. ஐந்து தடவை. 5. மிச்சம் ஐந்து. ஐம்பது. 2. மிச்சம் பன்னிரண்டு. 6.

பென்சிலை நிறுத்திவிட்டு என் கணவரைப் பார்த்தேன். அவரும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று, சுழி, ஐந்து, இரண்டு, ஆறு. நான் வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு படியாகக் கட்டிக்கொண்டு வந்ததை இது இடப்பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வந்தது. மூன்று. ஒன்று. ஐந்து. ஏழு. எனக்கு முன்கூட்டியே தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றாக வகுத்தேன். ஒன்றைக்கூட விட மனம் வரவில்லை. கடைசியில் நாற்பதில் பத்தொன்பது இரண்டு தடவை. 2. மிச்சம் இரண்டு. எந்த இரண்டை வகுக்கத் தொடங்கினேனோ அதே இரண்டு. இனி மறுபடியும் அதே வளையம், முடிவே இல்லாமல்.

மிச்சங்களை வரிசையாகப் பார்த்தேன். ஒன்றிலிருந்து பதினெட்டு வரை எல்லா எண்ணும் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இரண்டாவது முறை வரவில்லை. பத்தொன்பதால் வகுத்தால் அதற்கு மேல் மிச்சம் வர வழியில்லை. அதனால்தான் பதினெட்டு இலக்கம். அதனால்தான் பதினைந்தாவது இடத்தில் வந்த அந்த 2-ல் அது முடிய மறுத்தது. அதற்கு இன்னும் பார்க்க வேண்டிய வீடுகள் மூன்று மீதி இருந்தன.

முந்நூறு கோடி வருஷத்துக்கு அப்பால் இருப்பதாக நாங்கள் நினைத்த அந்த எண், பத்தொன்பது என்ற சின்ன எண்ணுக்குள் மடித்து வைத்த சேலை மாதிரி இருந்திருக்கிறது. பத்தொன்பதை நான் எத்தனை முறை வாயால் சொல்லியிருப்பேன்! அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அப்படியானால் இருபத்து மூன்றுக்குள் என்ன? நாற்பத்தேழுக்குள்? என் வாயில் தினமும் வந்து போகும் எண்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் எத்தனை?

"வருத்தமா இருக்கா?" என்று என் கணவர் கேட்டார். "புஸ்தகத்துல ஏற்கனவே இருக்குன்னு சொன்னதுக்கு."

இருந்த வருத்தம் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. "இல்லங்க" என்றேன். "வேற தேசத்துல, வேற பாஷை பேசுறவரு, வேற ஏதோ வேலையா இந்தப் பக்கம் வந்து, இதையேதான் பார்த்திருக்காரு. ஒரு இலக்கம்கூட மாறல பாருங்க. நானா உண்டாக்கினதா இருந்தா அது என்னோட போயிருக்கும்."

கீழே பாயில் உட்கார்ந்திருந்த அக்கா, "நான் அன்னைக்கே சொன்னேன்ல, சாமி நம்பர்னு" என்றார். இந்த முறை என் கணவர் முகம் சுளிக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. வெளுத்த வெயில் அடித்த ஒரு காலை நேரம். அழாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். எடை குறைவு, ஆனால் உயிர் கெட்டி என்றார் டாக்டர். அக்கா அவளை வாங்கிப் பார்த்துவிட்டு, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவளுடைய விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். சரிபார்க்க எதுவும் இல்லாத ஒன்று என் கையில் இருந்தது.

தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு, குழந்தைக்கு உடம்பு கொஞ்சம் தேறிய சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் தானாகவே சாக்கட்டியை எடுத்தார்.

"ரெண்டு மடங்குக்கு ஒண்ணு இருக்குன்னா, மூணு மடங்குக்கும் ஒண்ணு இருக்கணும்தானே?" என்றார். "கடைசி இலக்கம் மூணுன்னு வைப்போம். மூணால பெருக்கிக்கிட்டே வரணும்."

"பெருக்குங்க" என்றேன். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் சுவரின் கோடியில் 3 எழுதினார். மும்மூன்று ஒன்பது. 9. ஒன்பது மூன்று இருபத்தேழு. 7 போட்டுக் கையில் இரண்டு. இருபத்து மூன்று. 3, கையில் இரண்டு. அப்படியே நகர்ந்து நகர்ந்து போனார். பதினெட்டைத் தாண்டியது. சன்னல் சட்டம் வந்தது. அவர் சட்டத்தின் மேலும் எழுதிக்கொண்டு அப்பால் போனார். ஒரு சமயம் 3 வந்தது. ஆனால் கையில் மீதி இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மறுபடி தொடர்ந்தார்.

"இன்னும் முடியலலா" என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னார். அவர் குரல் தணிந்திருந்தது, பெரிய மரத்தை அண்ணாந்து பார்ப்பவர் குரல் மாதிரி. "முடியவே மாட்டேங்குது. எவ்வளவு பெருசு இது?"

"தெரியாதுங்க" என்றேன். "எழுதுங்க, பார்ப்போம்."